நாயகி மாறிவிட்டார், டிக்கெட் எந்த நாளுக்கு?

தோழி ஒருத்தி வேலை நிமித்தமாக வருடத்துக்கு மூன்று நான்கு முறை நியூயார்க் போய்வருகிறாள். ஒவ்வொரு முறையும் அவளுக்கென்று மிஞ்சுவது ஒரே ஒரு மாலைப்பொழுது. அதை அந்த ஊரின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்குக் கொடுத்துவிடுவாள். போன வாரம் தொலைபேசியில் கேட்டாள்: "நான் பார்க்கணும்னு நினைச்ச மியூசிக்கல்ல ஹீரோயின் மாறிட்டாங்க. புதுசா வந்தவங்களுக்கு ஜனம் பாட்டுக்குப் பாட்டு எழுந்து நின்னு கைதட்டுதாம். இப்பவே டிக்கெட் போட்டுடவா, ரெண்டு மாசம் கழிச்சுப் போகவா? வாரத்துல ஒரு நாள் வேற ஒருத்தங்க நடிக்கிறாங்களாம், அன்னைக்கு விலையும் கம்மி. என்ன பண்ணட்டும்?"

பதில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். அவள் பார்க்கப்போவது எந்த நாடகம் என்பது முக்கியமில்லை. பழைய இசை நாடகம் ஒன்றைப் புதிதாக மேடையேற்றி, ஓடிக்கொண்டிருக்கும்போதே நாயகியை மாற்றினால் எங்கேயும் இதே கேள்விதான் எழுகிறது.

முதலில் ஒரு விஷயம். புத்தம் புதிய நாடகத்தில் நாயகி மாறினால், வந்தவரைப் போனவரோடு ஒப்பிடுவார்கள். அத்தோடு சரி. மறுமேடையேற்றத்தில் வருகிறவருக்கு எதிரே இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் நேற்றுவரை அதே உடையில் நின்றவர். இன்னொருவர் ஐம்பது அறுபது வருடத்துக்கு முன் அந்தப் பாட்டை இசைத்தட்டில் பாடிவைத்துவிட்டுப் போனவர். கூட்டம் இரண்டாமவரின் குரலைக் காதில் வைத்துக்கொண்டுதான் உள்ளே வந்து உட்காருகிறது. அதனால் கைதட்டல் எவ்வளவு பலமாக இருந்தது என்பதைவிட, எந்த நினைவோடு ஒப்பிட்டுத் தட்டினார்கள் என்று பார்ப்பதுதான் டிக்கெட் வாங்குகிறவருக்கு உதவும்.

இதற்கு 'ஃபன்னி கேர்ள்' அளவுக்குத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஜூல் ஸ்டைன் இசை, பாப் மெரில் பாடல் வரிகள். ஃபேனி பிரைஸ் என்ற நிஜ நகைச்சுவை நடிகையின் கதை. 1964-இல் பிராட்வேயில் பார்பரா ஸ்ட்ரைசாண்ட் நடித்தார். 1968-இல் படமானபோதும் அவரே நடித்து ஆஸ்கர் வாங்கினார். அந்த வருடம் கேத்தரின் ஹெப்பர்னும் அவரும் சமமாக வந்து விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். அதன்பிறகு பிராட்வேயில் அந்த வேடம் பூட்டிய வீடு மாதிரி கிடந்தது. லாரன் ஆம்ப்ரோஸை நாயகியாக அறிவித்துத் தொடங்கிய ஒரு முயற்சி 2011-இல் மேடைக்கு வராமலே கைவிடப்பட்டது. முதல் மறுமேடையேற்றம் நடந்தேறியது 2022 ஏப்ரல் 24-இல், ஆகஸ்ட் வில்சன் அரங்கில். அன்று ஸ்ட்ரைசாண்டுக்கு 80-வது பிறந்தநாள். பூட்டைத் திறக்கிறவர்கள் பழைய சொந்தக்காரரின் படத்தை வாசலில் மாட்டிவிட்டுத் திறந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பீனி ஃபெல்ட்ஸ்டீன் நாயகி. நகைச்சுவை நன்றாக வருகிறது, பாட்டுக்குக் குரல் போதவில்லை என்பதே பெரும்பாலான விமர்சனங்களின் சாரம். பிராட்வேயின் பெரிய விருதான டோனியின் பரிந்துரையில் அந்த நாடகத்துக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அதுவும் துணை வேடத்தில் ஆடிய ஜாரெட் கிரைம்ஸுக்கு. ஃபெல்ட்ஸ்டீன் முதலில் அறிவித்த தேதிக்கு முன்பே, ஜூலை 31 அன்று விலகினார். ஆகஸ்ட் முழுக்க ஜூலி பென்கோ நடித்தார். அதுவரை அவர் ஸ்டாண்ட்பை, அதாவது நாயகி வராத நாளுக்கென்று காத்திருக்கும் மாற்று நடிகை. செப்டம்பர் 6 அன்று லியா மிஷெல் வந்தார்.

அந்த முதல் இரவைப் பற்றிப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். நாடகம் முடியும்வரை கூடக் காத்திருக்காமல், நடுவிலேயே பலமுறை கூட்டம் எழுந்து நின்றது. இதை வைத்து மட்டும் நடிப்பை எடைபோட முடியுமா? மிஷெல் 'க்ளீ' தொலைக்காட்சித் தொடரில் நடித்தது ஸ்ட்ரைசாண்டைத் தெய்வமாகக் கொண்டாடும் ஒரு பெண்ணாக. இந்த நாடகத்தின் மிகப் பிரபலமான பாட்டை 2009-இலேயே அதில் பாடிவிட்டார். தொடரின் கதையில் அந்தப் பெண் பிராட்வேயில் ஃபேனி பிரைஸாகவே நடிக்கிறாள். ஆக, கற்பனைப் பாத்திரம் ஒன்றின் கனவு நிஜ மேடையில் பலிக்கும் இரவு அது. அறிவிப்பு வந்ததும் முந்திக்கொண்டு டிக்கெட் வாங்கியவர்கள் அதற்குச் சாட்சி சொல்லத்தான் வந்திருந்தார்கள். அவர்களுடைய கைதட்டலில் பாதி அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தயாராக இருந்தது.

இப்படிச் சொல்வதால் அவர் நன்றாகப் பாடவில்லை என்று பொருளில்லை. விமர்சகர்கள் மறுபடி போய்ப் பார்த்துவிட்டுக் குரலைப் பாராட்டித்தான் எழுதினார்கள். வசூல் ஏறியது, 2022 இறுதிக்குள் வார வருமானம் 20 லட்சம் டாலரைத் தாண்டியது. 2023 செப்டம்பர் 3-இல் முடியும்வரை அவர்தான் நாயகி. முதல் வாரத்துக் கைதட்டல் பொய் என்று நான் சொல்லவரவில்லை. அதில் நடிப்புக்கு எவ்வளவு, நிகழ்வுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை என்பதுதான் சிக்கல்.

இன்னொன்றும் உண்டு. நாடகம் ஓடும்போது நடுவில் வந்து சேருகிறவர்கள் டோனி விருதுக்குத் தகுதி பெறுவதில்லை. அதனால் புது நாயகியை அளக்க அதிகாரப்பூர்வமான கோல் எதுவும் கிடையாது. மறுபடி அழைக்கப்பட்டுவந்த சில விமர்சகர்கள், அப்புறம் கூட்டம். கூட்டத்தின் பேச்சைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது அதனால்தான்.

படிப்பதில் எனக்கென்று ஒரு வழி இருக்கிறது. நாயகி முதன்முதலாக மேடைக்கு வரும்போது எழும் கைதட்டலைக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன். அது அவருடைய கடந்த காலத்துக்குத் தருவது. உச்சஸ்தாயியில் நீட்டிப் பிடிக்கும்போது எழுவதையும் பாதிதான் எடுத்துக்கொள்வேன். அந்த இடத்தில் பாட்டை எழுதியவரே கைதட்டலை வைத்துத் தைத்திருக்கிறார். பார்த்துவிட்டு வந்தவர் அடக்கமான பாட்டைப் பற்றிப் பேசுகிறாரா என்று பார்ப்பேன். 'ஃபன்னி கேர்ள்' என்றால் முதல் பாதியை முடித்துவைக்கும் 'டோன்ட் ரெய்ன் ஆன் மை பரேட்' எல்லோருக்கும் பிடிக்கும். இரண்டாம் பாதியின் கடைசிப் பக்கம் வரும் 'தி மியூசிக் தட் மேக்ஸ் மீ டான்ஸ்' பாட்டில் அரங்கு எப்படி இருந்தது என்று ஒருவர் சொன்னால் அவரை நம்புவேன். எதிரே நிற்கும் நடிகரைப் பற்றி ஏதாவது சொன்னால் இன்னும் நல்லது. மொத்தப் பேச்சிலும் ஒருவர் பெயர் மட்டுமே வருகிறதென்றால், அவர் பார்த்தது கச்சேரி.

இந்த முன்னுரையோடு தோழியின் மூன்று வழிகளுக்கு வருகிறேன்.

வந்தவுடனே போவது

இதில் கிடைப்பது சூடு. அரங்கு முழுக்க ஒரே எதிர்பார்ப்பு, ஏதோ நடக்கப்போகிறது என்ற துடிப்பு. பின்னால் பல வருடம், "அன்றைக்கு நான் இருந்தேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். கூட்டத்தோடு சேர்ந்து சிலிர்ப்பது பிடிக்கும் என்பவர்களுக்கு இதற்கு ஈடு கிடையாது.

கிடைக்காதது முதிர்ச்சி. காரணம் ஒத்திகை நடக்கும் விதம். நாடகம் முதலில் உருவாகும்போது முழுக்குழுவும் வாரக்கணக்கில் ஒன்றாக ஒத்திகை பார்க்கிறது. பிறகு முன்னோட்டக் காட்சிகள். கூட்டம் எங்கே சிரிக்கிறது, எங்கே இருமுகிறது என்று பார்த்து வெட்டி ஒட்டுகிறார்கள். நடுவில் வந்து சேருகிறவருக்கு இந்த வசதி இல்லை. மற்ற நடிகர்கள் வாரத்துக்கு எட்டுக் காட்சி ஆடிக்கொண்டிருக்கிறார்கள். தினமும் பகலில் அவர்களை வரச்சொல்ல முடியாது. அதனால் புது நாயகி பெரும்பாலும் ஸ்டேஜ் மேனேஜரையும் டான்ஸ் கேப்டனையும் வைத்துக்கொண்டு வெறும் அறையில் தரையில் ஒட்டிய டேப்புகளுக்கு நடுவே பழகுகிறார். முழுக்குழுவோடு, உடையோடு, விளக்கோடு ஒத்திகை கடைசியில் ஒரு முறைதான் வாய்க்கும். 'புட்-இன்' என்பார்கள். பொருத்திவிடுவது. அந்தச் சொல்லே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

பாட்டு இதில் பெரிய பாதிப்பு அடையாது. நல்ல பாடகி வீட்டிலேயே தயாராகிவிடலாம், சுருதி ஒத்துவரவில்லையென்றால் வாத்தியக்காரர்களின் தாள்களை மாற்றி எழுதிக் கொடுப்பார்கள். நகைச்சுவைதான் அடிபடும். சிரிப்பு எழுந்து அடங்கும் வரை எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைக் கூட்டம் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. எதிரே நிற்பவரும் ஆறு மாதமாக வேறொருவர் மூச்சுக்குப் பழகியவர். முதல் வாரங்களில் ஒரு வசனம் முடிவதற்கும் அடுத்தது தொடங்குவதற்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி தெரியும். பெரும் கைதட்டலில் அதை யாரும் கவனிப்பதில்லை.

விலையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். இவ்வளவு கொடுத்தும் நாயகி வருவார் என்று உறுதியில்லை. மிஷெல் வந்த முதல் வாரம் முடிவதற்குள்ளேயே உடம்பு சரியில்லாமல் ஒதுங்க வேண்டியதாயிற்று, கோவிட். ஏறத்தாழ பத்து நாள் மாற்று நடிகைகள்தான் ஆடினார்கள்.

பொறுத்துப் போவது

எனக்குக் கேட்டால், நட்சத்திரத்தைத்தான் பார்ப்பேன் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு நான்காவது வாரத்திலிருந்து மூன்றாவது மாதம் வரை நல்ல காலம். வேடம் உடம்பில் ஏறியிருக்கும், குரல் இன்னும் களைத்திருக்காது. இது எந்த ஆய்விலும் கண்டதில்லை, பார்த்தும் கேட்டும் போட்டுவைத்த சொந்தக் கணக்கு.

அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பது ஆளைப் பொறுத்தது. 2014-இல் 'கேபரே' மறுமேடையேற்றத்தில் மிஷெல் வில்லியம்ஸ் விலகியபின் நவம்பரில் எம்மா ஸ்டோன் நாயகி சேலி போல்ஸாக வந்தார். பிராட்வே மேடை அவருக்கு அதுவே முதல் முறை. பெயருக்காக வந்த கூட்டம் நடிப்புக்காகப் பேசத் தொடங்கியது; ஒப்பந்தத்தை நீட்டித்து 2015 பிப்ரவரி வரை ஆடினார். இவருடைய சேலிக்குச் சொந்தக் குரல் ஒன்று கிடைத்தது, படத்தில் லைசா மினெல்லி செய்ததன் நகலாக இல்லை. முதல் வாரத்தில் பார்த்தவர்களைவிடக் கடைசியில் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று எண்ணிக்கொள்வேன்.

இதில் ஒரு நுணுக்கம், கிழமை. பிராட்வேயில் பல நாடகங்களுக்குத் திங்கள் ஓய்வு. புதனும் சனியும் இரட்டைக் காட்சி. சனி இரவு வருகிறவர் அன்றைக்கு இரண்டாவது முறையாக அதே பாட்டைப் பாடுகிறார். செவ்வாய் இரவில் குரல் ஓய்ந்து எழுந்து வந்திருக்கும். அதனால் செவ்வாயை எடு என்று சொல்லத் தோன்றும். ஆனால் சில நாடகங்களில் அந்தச் செவ்வாயையே மாற்று நடிகைக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். 2017-இல் 'ஹலோ, டாலி!'யில் பெட் மிட்லர் செவ்வாய்க்கிழமைகளில் வரமாட்டார். 2024-இல் 'சன்செட் பூலவார்ட்' நாடகத்திலும் நிக்கோல் ஷெர்சிங்கருக்குப் பதிலாக மேண்டி கொன்சாலெஸ் மேடையேறியது செவ்வாய்களில்தான். பெயரைப் பார்த்துத் தேதி போடாமல் தேதியைப் பார்த்துப் பெயரைத் தேடினால் ஏமாறுவோம்.

மாற்று நடிகையின் நாளில் போவது

இந்த வழியைத்தான் தோழி கடைசியாகவும் தயங்கியும் சொன்னாள். நான் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான்.

தமிழில் எல்லாரையும் 'மாற்று நடிகர்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அங்கே நாலு விதம். ஆல்டர்நேட் என்பவருக்குக் கிழமை குறித்திருக்கும், விளம்பரத்திலும் சொல்லிவிடுவார்கள். ஸ்டாண்ட்பை மேடையில் வேறு வேடம் ஏற்காமல், தேவைப்பட்டால் உடனே இறங்கத் தயாராகக் காத்திருப்பவர். அண்டர்ஸ்டடி தினமும் கோரஸிலோ சிறு வேடத்திலோ ஆடிக்கொண்டே பெரிய வேடத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பவர். ஸ்விங் பலருடைய இடங்களை ஒரே தலையில் சுமப்பவர். 2021 டிசம்பரில் 'தி மியூசிக் மேன்' முன்னோட்டக் காட்சிகளின்போது நாயகி சட்டன் ஃபாஸ்டரால் வர முடியவில்லை. கேத்தி வாய்ட்கோ என்ற ஸ்விங் நாயகி வேடத்தில் நின்றார். காட்சி முடிந்ததும் நாயகன் ஹ்யூ ஜாக்மன் அவரை முன்னே நிறுத்தி, பகலில் அரங்குக்கு வரும்போது எட்டு வேடங்களில் எது விழும் என்று தெரியாமல் வந்தவர் இவர் என்று கூட்டத்துக்கு எடுத்துச் சொன்னார். அந்தக் காணொளி உலகம் சுற்றியது. ஸ்விங் என்ற சொல்லே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

கிழமை குறித்த ஆல்டர்நேட்டுக்கு இவர்கள் யாருக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. கூட்டம் அவரை எதிர்பார்த்தே வருகிறது. யாரும் வாசலில் முகம் சுளிக்கவில்லை, "அய்யோ, அவங்க இல்லையா?" என்ற முனகல் இல்லை. அன்றைய கைதட்டல் உண்மையில் அன்றைய பாட்டுக்குத்தான். புதிய நடிகையைப் பற்றிய கூட்டத்தின் கருத்தை நான் எங்கேயாவது கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறேன் என்றால் இங்கேதான்.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. சில வேடங்களை வாரத்துக்கு எட்டு முறை பாடினால் தொண்டை தாங்காது. 'எவிட்டா' 1979-இல் பிராட்வேக்கு வந்தபோதே பேட்டி லுபோன் பகல் காட்சிகளில் பாடவில்லை. அதற்கு வேறொருவர் இருந்தார். 'தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா'வில் கிறிஸ்டீன் வேடத்துக்கும் வாரத்தில் சில காட்சிகள் ஆல்டர்நேட்டுக்கு உரியவை. ஆக, ஆல்டர்நேட் என்றால் இரண்டாம் தரம் என்று நினைப்பது வேடத்தின் கனத்தை அறியாததால்.

'ஹலோ, டாலி!'யில் மிட்லர் இல்லாத செவ்வாய்களில் ஆடியவர் டோனா மர்ஃபி. 'பேஷன்' நாடகத்துக்கும் 'தி கிங் அண்ட் ஐ' மறுமேடையேற்றத்துக்குமாக ஏற்கனவே இரண்டு டோனி வாங்கியவர். அவரைக் குறைந்த விலையில் பார்க்கக் கிடைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமை.

'ஃபன்னி கேர்ள்' கதையில் ஜூலி பென்கோவின் பங்கு இன்னும் சுவையானது. ஃபெல்ட்ஸ்டீன் போய் மிஷெல் வருவதற்கு நடுவில் ஒரு மாதம். அந்த மாதம் வந்தவர்களில் பலர் நட்சத்திரம் இல்லாத இடைவெளியில் வேறு வழியின்றி வந்தவர்களாக இருந்திருக்கலாம். வெளியே போகும்போது அவருக்கு ரசிகர்களாகிப் போனார்கள். மிஷெல் வந்தபின்னும் வியாழன் இரவுகள் பென்கோவுக்கு என்று ஒதுக்கினார்கள். ஒரே நாடகம், ஒரே அரங்கு, இரண்டு ஃபேனிகள். இதே நாடகத்துக்கு லண்டனிலும் 2016-இல் இப்படி நடந்திருக்கிறது. அங்கே ஷெரிடன் ஸ்மித் சில வாரங்கள் விடுப்பில் போக, அண்டர்ஸ்டடி நடாஷா பார்ன்ஸ் சவாய் அரங்கில் ஃபேனியாக நின்றார். பெயருக்காக வாங்கிய டிக்கெட்டோடு மனக்குறையாக வந்து உட்கார்ந்த கூட்டத்தை எழுந்து நிற்கவைத்தார். ஏதோ ராசி, இந்த நாடகம் மாற்று நடிகைகளைத் தூக்கிவிடுகிறது. கதையும் அதுதான் என்பது என் சந்தேகம். அழகில்லை, எடுபடமாட்டாள் என்று எல்லோரும் சொன்ன ஒருத்தி மேடையேறி எல்லோரையும் கவர்வதுதான் கதை. யாரும் எதிர்பார்க்காத ஒருவர் அதை நடிக்கும்போது நாடகத்துக்குள்ளே இருக்கும் கூட்டமும் வெளியே இருக்கும் கூட்டமும் ஒன்றாகிவிடுகின்றன. பெரிய நட்சத்திரம் வந்து "என்னை யாரும் மதிக்கவில்லை" என்று பாடினால் கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

எல்லா நாடகத்துக்கும் இது பொருந்தாது. 'ஹலோ, டாலி!' அப்படியே நேர்மாறு. டாலி படிக்கட்டில் இறங்கி வரும்போது உணவகத்துப் பணியாளர் அத்தனை பேரும் வரிசையில் நின்று வரவேற்றுப் பாடுகிறார்கள். வருகிறவர் ஊரறிந்தவராக இருந்தால்தான் அந்தக் காட்சிக்கே உயிர். 1964-இல் கேரல் சானிங் தொடங்கிவைத்த அந்த வேடத்தில் ஜிஞ்சர் ராஜர்ஸ், பெட்டி கிரேபிள் என்று பெயர்பெற்றவர்களாகவே மாற்றிக்கொண்டு போனார்கள். 1967-இல் பேர்ல் பெய்லியைக் கொண்டுவந்தபோது குழு முழுவதையும் கறுப்பினக் கலைஞர்களாக மாற்றினார்கள். ஓய்ந்துகொண்டிருந்த நாடகம் மறுபடி பற்றிக்கொண்டது. கடைசியில் எத்தல் மெர்மன். 2,844 காட்சிகள். ஒவ்வொரு புது டாலிக்கும் கூட்டம் கொடுத்த வரவேற்பே நாடகத்தின் ஒரு பகுதி.

2018 ஜனவரியில் மிட்லரின் இடத்துக்கு பெர்னடெட் பீட்டர்ஸ் வந்ததும் இந்த வரிசையில்தான் சேர்த்தி. மிட்லருக்குக் கூட்டம் கொடுத்தது திருவிழாக் கொண்டாட்டம். அவரும் கூட்டத்தோடு கண்ணடித்துப் பேசிக்கொண்டே நடித்தார். பீட்டர்ஸிடம் கணவனை இழந்தவளின் தனிமை கூடுதலாகத் தெரிந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கைதட்டலின் அளவைப் பார்த்தால் மிட்லர் ஜெயிப்பார். கதை என்ன என்று கேட்டால் பீட்டர்ஸைப் பார்த்தவர்கள் தெளிவாகச் சொல்வார்கள் என்பது என் ஊகம். இதைக் கேட்டு முடிவுசெய்ய இசைத்தட்டும் உதவாது. 2017-இல் வெளியானது மிட்லரின் குரலில். 'ஃபன்னி கேர்ள்' விஷயத்தில் தலைகீழ்: ஃபெல்ட்ஸ்டீனோடு இசைத்தட்டு வரவே இல்லை, மிஷெல் வந்த பிறகு 2022 நவம்பரில்தான் பதிவு வெளியானது. வீட்டிலிருந்தபடி கேட்டு ஒப்பிடலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

'சிகாகோ' போன்றதற்கு இந்த யோசனையே வேண்டாம். 1996-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் மறுமேடையேற்றம். கறுப்பு உடை, மேடையிலேயே வாத்தியக்குழு, பெரிய காட்சி அமைப்பு கிடையாது. மெலனி கிரிஃபித், புரூக் ஷீல்ட்ஸ், பமேலா ஆண்டர்சன் என்று நாயகி ராக்ஸியின் வேடத்துக்குப் பெயர்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். நாடகம் அசையாது. அதைத் தாங்குவது நடனக் குழு. எந்த வாரம் விலை குறைவோ அந்த வாரம் போகலாம். ஒரு பழைய கதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1975-இல் முதல் மேடையேற்றத்தின்போது க்வென் வெர்டன் தொண்டை அறுவை சிகிச்சைக்காக விலக, லைசா மினெல்லி ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாக அந்த வேடத்தை ஏற்றார். முன்கூட்டி விளம்பரம் ஏதும் செய்யவில்லை. காட்சி தொடங்குமுன் ஒலிபெருக்கியில் முதலில் வெர்டன் இன்று வரமாட்டார் என்று சொல்லியிருப்பார்கள். அந்த அறிவிப்பின் முதல் பாதிக்கும் இரண்டாவது பாதிக்கும் நடுவில் அரங்கில் ஒருவராக உட்கார்ந்திருக்க எனக்கு ஆசை.

பணம் திரும்புமா?

இதையும் தோழி கேட்டாள். பிராட்வேயில் வழக்கம் இது: நடிகர் பெயர் நாடகத் தலைப்புக்கு மேலே போட்டிருந்து அவர் அன்று வரவில்லையென்றால், பணத்தைத் திரும்ப வாங்கலாம் அல்லது தேதி மாற்றிக்கொள்ளலாம், திரை எழுவதற்கு முன் கேட்க வேண்டும். பெயர் தலைப்புக்குக் கீழே என்றால் அந்த உரிமை கிடையாது. லண்டனில் பொதுவாக இந்தச் சலுகை இல்லை; நடிகர்கள் மாறலாம் என்று டிக்கெட்டிலேயே எழுதிவிடுவார்கள். ஆல்டர்நேட்டின் நாள் என்று முன்பே அறிவித்திருந்தால் எங்கேயும் பணம் திரும்பாது, கேட்பதும் நியாயமில்லை. யார் நடிக்கிறார்கள் என்பதை வாசலில் உள்ள பலகை, அரங்கில் தரும் பிளேபில் என்ற நாடக விவரப் புத்தகத்துக்குள் செருகிய சிறு தாள், தொடங்குமுன் ஒலிபெருக்கி அறிவிப்பு, இவற்றில் தெரிந்துகொள்ளலாம். உள்ளே போவதற்கு முன் பலகையைப் பார்த்துவிட வேண்டும். தாளைப் பிரித்துப் பார்க்கும் நேரத்தில் நாம் உட்கார்ந்திருப்போம்.

தோழியின் கேள்விக்கு என் விடை. ஒரே தரம்தான் வாய்க்கும், அந்த நட்சத்திரத்தின் குரலைக் கேட்டு வளர்ந்தவள் என்றால் ஒரு மாதம் பொறுத்து, இரட்டைக் காட்சி இல்லாத நாளில் போ. நாடகம் என்ன சொல்கிறது என்று பார்க்க ஆசை என்றால் ஆல்டர்நேட்டின் நாள். மிச்சப்படும் பணத்தில் முன்வரிசைக்குப் போகலாம், முகம் தெரியும். முதல் வாரத்துக்கு நான் போகமாட்டேன், அந்தக் கூட்டத்தின் சந்தோஷத்தில் எனக்குப் பங்கு இருந்தால் தவிர.

அவளுக்கு இரண்டு பயணம் இருந்ததால் இரண்டுக்கும் போட்டுவிட்டாள். வரிசையை மட்டும் நான் மாற்றச் சொன்னேன்: முதலில் ஆல்டர்நேட், பிறகு நட்சத்திரம். பெரிய குரலை முதலில் கேட்டுவிட்டால் இரண்டாம் முறை காது அதையே தேடிக்கொண்டிருக்கும். மேடையில் நிற்பவளைப் பார்க்காது. ஸ்ட்ரைசாண்டைக் கேட்டுவிட்டுப் போகிற எல்லோருக்கும் நேர்வது அதுதானே.

டிக்கெட் போட்ட கையோடு மறுபடி அழைத்தாள். "அன்னைக்குப் பார்த்து ஆல்டர்நேட்டுக்கும் உடம்பு சரியில்லைன்னா?"

ஸ்டாண்ட்பை வருவார், பார்த்துவிட்டு வந்து எப்படி என்று சொல், என்றேன்.